தமிழ்க் கிறித்தவமும் ஊடகங்களும்: அச்சகம் முதல் இணையம் வரை

தமிழ் பேசும் கிறித்தவர்கள் தங்கள் நம்பிக்கையைப் பொதுவெளியில் எடுத்துச்சொல்லப் பயன்படுத்திய ஊடகங்களுக்கு ஏறத்தாழ நானூற்று எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அச்சுநூல், ஓலைச்சுவடி, இதழ், வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி என வளர்ந்து இணையத்தை அடைந்த இவ்வரலாற்றில், ஒவ்வொரு ஊடகமும் இரண்டு கேள்விகளை எழுப்பியது. நம்பிக்கையைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பது முதற் கேள்வி. பேசப்பட்டது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது இரண்டாவது கேள்வி. அச்சின் தொடக்கக் காலத்தில் பேசியோர் மிகச் சிலர். ஆனால் அவர்கள் அச்சிட்டவற்றுள் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இணையத்தில் பேசுவோர் மிகப் பலர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பல பக்கங்கள் இன்று இல்லை.

இவ்விரு கேள்விகளின் வழியே அந்த வரலாறு இங்குத் தொகுக்கப்படுகிறது. சென்னையின் மேற்குப் புறநகரான பாடியும் அதன் சுற்றுவட்டாரமும் இம்மாற்றங்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு எடுத்துக்காட்டாக அமைகின்றன.

பாடி வட்டாரம்

பாடி, வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையே அமைந்த பழமையான ஊர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் என்னும் சிவத்தலம் இங்குள்ளது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராக இருந்த பாடி, 1960களில் தொழிற்பகுதியாக மாறியது. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய ஆலைகள் இங்கு அமைந்தன. அருகே 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் ஆகியவையும் வேலைவாய்ப்பைப் பெருக்கின. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது பாடியும் மாநகரின் பகுதியாயிற்று.

வேலை தேடி இவ்வட்டாரத்துக்கு வந்தவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கிறித்தவர்களும் இருந்தனர். அவர்கள் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள் அல்லர். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களில் பலர் கத்தோலிக்கர். திருநெல்வேலி உள்நாட்டு ஊர்க்காரர்களில் பலர் ஆங்கிலிகன் மரபினர். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பினர்கள். லுத்தரன் சபை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் ஆகியவற்றைச் சேர்ந்தோரும் இருந்தனர். சொந்த ஊரில் பெரும்பாலும் ஒரே கோவிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள், இங்கே பல சபைகளும் பல சமயத்தவரும் கலந்த தெருக்களில் குடியேறினர். ஊர்க் கோவிலுடன் இருந்த தொடர்பைத் தபாலில் வரும் சபை இதழ்களும் ஊர்த் திருவிழாவுக்குப் போய்வரும் பயணங்களும் காத்துவந்தன.

இவ்வட்டாரத்துக்கு வேறொரு தொடர்பும் உண்டு. கத்தோலிக்கக் குருக்களுக்குப் பயிற்சி தரும் திரு இருதயக் குருமடம் 1936 முதல் பூவிருந்தவல்லியில் இயங்கிவருகிறது. மறுபுறம், சென்னைப் பகுதியின் அச்சு வரலாறு தொடங்கிய வேப்பேரி, பாடிக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.

அச்சின் தொடக்கம்

தமிழ் அச்சின் தொடக்கம் கிறித்தவ நூல்களோடு இணைந்தது. 1554இல் லிஸ்பன் நகரில் 'கார்த்திலா' என்னும் சமயச் சிறுநூல், தமிழைப் போர்த்துக்கீசிய எழுத்தில் எழுதி அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சான நூல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையது 'தம்பிரான் வணக்கம்'. இயேசு சபைக் குருவான என்றிக்கே என்றீக்கசு மொழிபெயர்த்த இந்நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று; 16 பக்கங்கள் கொண்டது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக இது உருவாக்கப்பட்டது. இதன் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வெளிவந்தது. அதன்பின் அச்சு வரலாறு தரங்கம்பாடிக்கு நகர்ந்தது. 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1713இல் அச்சுப்பணியைத் தொடங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது.

சென்னைக்கு அச்சகம் வந்தது போரின் விளைவாக. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியும் எழுத்துகளும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. அரசின் அச்சுவேலைகளைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் அவை வேப்பேரியில் இருந்த லுத்தரன் ஊழியர் பப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டன. அவரது தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் அங்கு வெளியாயிற்று.

இக்காலத்தில் அச்சகம் வைத்திருந்தவர்களே பொதுவெளியில் பேச முடிந்தது. கத்தோலிக்க நூல்களுக்கு ஆயரின் அச்சு அனுமதி தேவைப்பட்டது. சீர்திருத்த சபைகளில் மிஷன் குழுக்கள் எதை அச்சிடுவது என்று முடிவு செய்தன. இரு மரபுகளுக்கும் இடையிலான விவாதத்திலும் அச்சகத்தின் இருப்பும் இன்மையும் வெளிப்பட்டன. தரங்கம்பாடியாரின் கருத்துகளை மறுத்து வீரமாமுனிவர் 1728இல் 'வேத விளக்கம்' எழுதினார். 'பேதகம் மறுத்தல்' என்னும் நூலும் அவருடையது. தரங்கம்பாடியில் அச்சகம் இருந்தது, வீரமாமுனிவரிடம் இல்லை. அவருடைய மறுப்புகள் ஓலையில் படியெடுக்கப்பட்டே பரவின. 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின.

கேள்விகளும் மறுமொழிகளும்

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழறிந்த இந்துக்கள் பலருக்குக் கேள்விகளை அனுப்பினர். கடவுள், வழிபாடு, மறுபிறப்பு, குடும்ப வழக்கம், மருத்துவம், கிறித்தவர்களைப் பற்றிய கருத்து எனக் கேள்விகள் பரந்தவை. வந்த விடைகளில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சிடப்பட்டன. 'மலபார்க் கடிதங்கள்' என இவை அறியப்படுகின்றன.

ஐரோப்பியக் கிறித்தவர்களின் நடத்தையைக் குறை கூறும் பகுதிகளும் இக்கடிதங்களில் உண்டு. மறுதரப்பின் குரலுக்கும் இடம் தந்த வகையில் இது அக்காலத்தில் அரிய முயற்சி. ஆயினும் எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தரப்படவில்லை. எதை மொழிபெயர்ப்பது, எந்தக் குறிப்புடன் வெளியிடுவது என்பதை அச்சகத்தாரே முடிவு செய்தனர். கடிதம் எழுதியவர்கள் தம் எழுத்து அச்சில் எவ்வாறு வந்தது என்பதைப் படித்துப் பார்க்க இயலவில்லை. அது அவர்கள் அறியாத மொழியில் இருந்தது.

சபை மக்களின் எதிர்க்குரல்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) புகழ்பெற்ற கிறித்தவக் கவிஞர். குருப்பட்டம் பெற்றவர் அல்லர். 1820களில் புதிய மிஷனரிகள் விவிலிய மொழிபெயர்ப்பையும் வழிபாட்டு வழக்கங்களையும் பாடல் மரபையும் மாற்ற முயன்றபோது, அவர் அதை எதிர்த்துப் 'புதுத் திருத்தலின் கூக்குரல்' என்பதை எழுதினார்.

இந்த எதிர்ப்பை ஒரே நிறத்தில் பார்க்க இயலாது. தமிழ் இசை மரபையும் மக்களுக்குப் பழகிய மொழியையும் சாஸ்திரியார் காக்க முயன்றார். அதே வேளையில், சபைக்குள் சாதி வேறுபாடுகளை நீக்கும் முயற்சியையும் அவர் எதிர்த்தார். மேலிடத்தின் கட்டுப்பாட்டை மீறி எழும் குரல் எப்போதும் நீதியின் பக்கம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பிற்கால ஊடகங்களுக்கும் இது பொருந்தும்.

இதழ்களும் மறுப்பு நூல்களும்

1831இல் சென்னையில் கிறித்தவத் துண்டுநூற் சங்கத்தின் முயற்சியால் 'தமிழ் மேகசின்' வெளிவந்தது. தமிழின் முதல் இதழாக இது கருதப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841 சனவரி 7 அன்று தொடங்கியது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் அதன் ஆசிரியர்களாக இருந்தனர். சமயச் செய்தியுடன் அறிவியல், கல்வி, உள்ளூர்ச் செய்தி, வாசகர் கடிதம் ஆகியவற்றையும் அது வெளியிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து 'நற்போதகம்' 1849இல் வெளிவரத் தொடங்கியது.

1835இல் அச்சுச் சட்டம் தளர்த்தப்பட்டபின் இந்தியர்களின் அச்சகங்கள் பெருகின. கிறித்தவ நூல்களுக்கு மறுப்பு அச்சிலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் சொந்த அச்சகம் நிறுவிச் சைவ நூல்களைப் பதிப்பித்தார். மிஷனரிகளின் கண்டனங்களுக்கு மறுப்பாக அவர் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' 1854இல் வெளியாயிற்று. ஒரு தரப்பு மட்டும் பேசிய நிலை இவ்வாறு மாறியது. ஊடகம் பரவலாகும்போது விவாதமும் பெருகும். விவாதம் பெருகும்போது கண்டனமும் கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் துண்டுநூல்கள் உணர்த்துகின்றன. இன்றைய இணையச் சமயச் சண்டைகளில் கேட்கும் வாதங்கள் பலவற்றை அத்துண்டுநூல்களிலேயே காணலாம்.

வானொலியும் ஒலிநாடாவும்

இந்தியாவில் நீண்ட காலம் வானொலி அரசின் கையில் மட்டுமே இருந்தது. சபைகள் சொந்தமாக நிலையம் நடத்த முடியவில்லை. ஆகவே கிறித்தவ ஒலிபரப்புகள் வெளிநாடுகளிலிருந்து வந்தன. 1931இல் தொடங்கிய வத்திக்கான் வானொலி பிற்காலத்தில் தமிழிலும் நிகழ்ச்சி வழங்கியது. மணிலாவில் 1969இல் தொடங்கப்பட்ட வேரித்தாஸ் வானொலியும் தமிழ்ப் பிரிவு நடத்தியது. பீபா நிறுவனம் 1970இல் செஷல்ஸ் தீவிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. தமிழகத்தில் பெரும் வரவேற்புப் பெற்றிருந்த இலங்கை வானொலியிலும் கிறித்தவ நிகழ்ச்சிகள் ஒலித்தன.

வானொலி இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, படிக்கத் தெரியாதவர்களும் கேட்க முடிந்தது. மற்றொன்று, கேட்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைப் பொருட்படுத்தாமல் செய்தி வீட்டுக்குள் வந்தது. ஒரு சபையின் உறுப்பினர் வேறொரு சபைப் போதகரின் செய்தியை நாள்தோறும் கேட்பது இயல்பாயிற்று. நிகழ்ச்சியின் முடிவில் அறிவிக்கப்படும் அஞ்சல்பெட்டி எண்ணுக்கு நேயர்கள் செப விண்ணப்பங்களை எழுதினர். தபால்வழி வேதபாடங்களில் சேர்ந்தனர். 1980களில் ஒலிநாடாக்கள் பெருகியபோது பாடல்களும் பிரசங்கங்களும் கைமாறிப் பரவின. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபின் காலைநேரக் கிறித்தவ நிகழ்ச்சிகளும், பின்னர் முழுநேரக் கிறித்தவ அலைவரிசைகளும் தோன்றின. சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் மாதா தொலைக்காட்சி 2014இல் தொடங்கியது.

ஆயினும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பெரும் பொருட்செலவு தேவை. பேசுவோரின் எண்ணிக்கை கூடியதே தவிர, சாதாரண விசுவாசி இன்னும் கேட்பவராகவே இருந்தார்.

இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தமிழில் எழுதுவதற்கு அப்போது எழுத்துரு பெரும் தடையாக இருந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு குறியீட்டையும் விசைப்பலகையையும் சீர்ப்படுத்த முயன்றது. பின்னர் ஒருங்குறி பரவியபோது இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

2003 முதல் தமிழில் தனிநபர் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி அவற்றை ஒரே இடத்தில் காட்டியது. கவிதை, அரசியல், திரைப்படம் ஆகியவற்றுக்கு நடுவே வேத தியானம், புனிதர் வரலாறு, சாட்சி, பாடல் வரிகள், சபை விமரிசனம் ஆகியவையும் இடம்பெற்றன. அச்சகமோ, அனுமதியோ, பெரிய பணமோ இன்றி ஒருவர் தம் நம்பிக்கையைப் பற்றி எழுதி உலகெங்கும் உள்ள தமிழரை அடைய முடிந்தது இதுவே முதல் முறை. குருப்பட்டம் பெற வாய்ப்பில்லாத பெண்கள், வேலை முடிந்து இரவில் எழுதும் தொழிலாளர்கள், வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த தமிழர்கள் ஆகியோருக்கும் வழி திறந்தது.

மறுமொழிப் பகுதி இதன் மற்றொரு புதுமை. 1714இல் ஹாலேயில் அச்சான கடிதங்களை எழுதியவர்கள் தம் எழுத்தின் அச்சு வடிவைக் காணவில்லை. இணையத்தில் எழுதியவருக்கு மறுமொழி சில நிமிடங்களில் வந்தது. அதில் நன்றியும் இருந்தது, ஐயமும் இருந்தது, வசையும் இருந்தது.

சொல்லால் பிரியும் வாசகர்கள்

தமிழ்க் கிறித்தவத்தில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் தனித்தனிச் சொல்வழக்குகள் உள்ளன. சீர்திருத்த சபையினர் பெரும்பாலும் பயன்படுத்துவது 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் வெளிவந்த மொழிபெயர்ப்பின் மரபில் வந்த வேதாகமம். 66 நூல்கள் கொண்டது. கத்தோலிக்கர் பயன்படுத்துவது 1995இல் வெளியான 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு. 73 நூல்கள் கொண்ட பதிப்பு. முன்னதில் 'ஆதியாகமம்' எனப்படுவது பின்னதில் 'தொடக்க நூல்'. 'யாத்திராகமம்' என்பது 'விடுதலைப் பயணம்'. 'பரிசுத்த ஆவி' என்பது 'தூய ஆவி'. ஒருவர் 'ஜெபம்' என்று எழுதுவதை மற்றவர் 'செபம்' என்று எழுதுகிறார்.

அச்சுக் காலத்தில் இவ்வேறுபாடு கோவில் வாசலிலும் புத்தகக் கடையிலும் தெரிந்தது. இணையத்தில் தேடுபொறி இதை மேலும் கூர்மையாக்கியது. 'வேதாகமம்' என்று தேடுபவருக்குச் சீர்திருத்த சபைகளின் பக்கங்கள் மிகுதியாக வருகின்றன. 'விவிலியம்' என்று தேடுபவருக்குக் கத்தோலிக்கப் பக்கங்கள் மிகுதியாக வருகின்றன. இணையம் எல்லாரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்பட்டாலும், தட்டச்சு செய்யும் முதற் சொல்லே வாசகரை ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு பொருளைப் பற்றி இரு மரபுகளின் கருத்தையும் அறிய விரும்பும் மாணவர் இரு சொற்களாலும் தேடுவது பயன் தரும்.

அதிகாரமும் அனுமதியும்

இணையத்தில் யார் சபையின் பெயரால் பேசலாம் என்ற கேள்வியைக் கத்தோலிக்கத் திருச்சபை வெளிப்படையாக எதிர்கொண்டது. 2002 பிப்ரவரியில் வத்திக்கானின் சமூகத்தொடர்பு மன்றம் திருச்சபையும் இணையமும் பற்றி ஓர் ஆவணத்தை வெளியிட்டது. கத்தோலிக்கம் என்ற பெயரில் இயங்கும் தளங்களின் பெருக்கம் வாசகரைக் குழப்பக்கூடும் என்று அது கருதியது. விருப்பத்தின் பேரில் தளங்களுக்குச் சான்றளிக்கும் முறையை ஆராயலாம் என்றது. பழைய அச்சு அனுமதியின் இணைய வடிவம் எனலாம். அருள்சாதனங்களை இணையத்தில் பெற இயலாது என்பதையும் அது தெளிவாக்கியது.

2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், விலக்கப்பட்டிருந்த ஆயர்கள் நால்வரின் தண்டனையை நீக்கினார். அவர்களுள் ஒருவர் யூதப் படுகொலையை மறுத்துப் பேசியவர் என்பது பெரும் சர்ச்சையாயிற்று. இணையத்தில் எளிதாகக் கிடைத்த செய்தியை வத்திக்கான் கவனிக்கத் தவறியதை அவர் அவ்வாண்டு மார்ச்சில் ஆயர்களுக்கு எழுதிய மடலில் ஏற்றுக்கொண்டார். 2010 உலகச் சமூகத்தொடர்பு நாள் செய்தியில் குருக்கள் இணையத்தைப் பயன்படுத்துமாறு ஊக்குவித்தார். 2011 மே மாதத்தில் வத்திக்கான் பல நாட்டு வலைப்பதிவர்களை உரோமைக்கு அழைத்துக் கூட்டம் நடத்தியது. கட்டுப்படுத்துவதிலிருந்து கேட்பதற்கு நகர்ந்த பயணம் இது. கத்தோலிக்க நற்கருணை அற்புதங்களைப் பற்றி இணையதளம் உருவாக்கி, 2006இல் 15 வயதில் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்கூதிஸ் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டது இப்பயணத்தின் அண்மைய அடையாளம்.

சீர்திருத்த சபைகளுக்கு உலகளாவிய ஒரே தலைமை இல்லாததால் இத்தகைய பொது விதிகளும் இல்லை. தனிச் சபைகள் மிகுந்த பாடி, அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஞாயிறு காலையில் ஒரு சபையில் அமரும் குடும்பம், வாரநாட்களில் கைப்பேசியில் வேறு பல போதகர்களின் செய்தியைக் கேட்கிறது. உள்ளூர்ப் போதகரின் வார்த்தையை உலகின் எந்தப் பிரசங்கத்தோடும் ஒப்பிட முடிகிறது. இது தவறான போதனையைக் கண்டறிய உதவுகிறது. தவறான போதனை பரவவும் உதவுகிறது. உள்ளூரில் ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்து அவர் சொல்வதை எடைபோட முடியும். திரையில் தெரியும் பேச்சாளரிடம் அதற்கு வழி குறைவு.

2020இன் அடைப்புக் காலம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது கோவில்கள் மூடப்பட்டன. மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் செபித்த காட்சி உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு ஆகிய நாட்களை மக்கள் வீட்டிலிருந்தே அனுசரித்தனர். பெரிய சபைகள் மட்டுமன்றி, சிறிய சபைகளும் கைப்பேசியை நிறுத்திவைத்து ஆராதனையை நேரலையாக அனுப்பின. தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டன.

இக்காலத்தில் ஓர் இறையியல் கேள்வி நடைமுறைக் கேள்வியாயிற்று. கத்தோலிக்கர் திருப்பலியைத் திரையில் கண்டு 'ஆன்மீக நற்கருணை' செபத்தைச் சொல்லினர்; நற்கருணையைத் திரைவழியே பெற முடியாது என்ற நிலைப்பாடு மாறவில்லை. சீர்திருத்த சபைகளில் வீட்டில் அப்பமும் திராட்சரசமும் வைத்துத் திருவிருந்தில் பங்குபெறலாமா என்ற விவாதம் எழுந்தது. சபைக்குச் சபை விடை வேறுபட்டது. கோவில் திறந்தபின்னும் நேரலை நிற்கவில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இரவுப்பணி செய்யும் தொழிலாளர்களுக்கும் அது நிலையான வழியாயிற்று. அடக்கச் சடங்குகளைத் தொலைவில் உள்ள பிள்ளைகள் கைப்பேசியில் காண்பதும் வழக்கமாயிற்று.

மறையும் எழுத்துகள்

இணையத்தில் ஒருவர் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கச் செய்தியோடை என்னும் முறை உதவியது. அதைப் பலருக்கும் எளிதாக்கிய கூகுள் ரீடர் 2013 சூலை 1 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, இலவசத் தளங்கள் பலவற்றுக்கு இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. எழுத்தாளர்கள் முகநூலுக்கும் யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தனர். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் வேதவசனமும் தியானமும் எழுதியவர் பெயரின்றிப் பல கைகள் மாறுகின்றன. சில நாட்களில் அழிக்கப்படுகின்றன. பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்ட பக்கங்கள் இருந்தாலும், அவற்றைப் படிக்கக் குறியீட்டை மாற்றும் கருவி வேண்டியிருக்கிறது.

இதனால் வருங்கால வரலாற்றாளருக்கு ஒரு விசித்திர நிலை ஏற்படலாம். 1778இல் வேப்பேரிச் சபையில் எதைப் படித்தார்கள் என்பதை அச்சு நூல்களாலும் ஹாலே ஆவணக்காப்பகத்தின் கடிதங்களாலும் அறிய முடிகிறது. 2008இல் பாடியின் ஒரு தொழிலாளர் குடும்பம் எதைப் படித்து, எதைப் பற்றி விவாதித்தது என்பதை அறிவது அதைவிடக் கடினமாகலாம்.

அச்சு நூல்களைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துச் சேமிக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்குகிறது. வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யும் அதில் உண்டு. ஈழத்து நூல்களை நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்துகிறது. இணையத்திலேயே பிறந்த தமிழ் எழுத்துக்கு அத்தகைய முறையான காப்பு குறைவு. இணைய ஆவணகம் தானாகச் சேமித்த பக்கங்களே பல இடங்களில் மிஞ்சியுள்ளன.

மதிப்பீடு

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் புதிய ஊடகம் ஒவ்வொன்றும் பேசுவோரின் வட்டத்தை விரித்தது. கொல்லத்தில் ஒரு குரு, தரங்கம்பாடியில் ஒரு மிஷன், யாழ்ப்பாணத்தில் தமிழ் ஆசிரியர்கள், இலங்கை வானொலியில் பேச்சாளர்கள், இணையத்தில் எவரும் என அவ்வட்டம் வளர்ந்தது. அச்சக உரிமையாளரின் இடத்தை இன்று தளங்களை நடத்தும் பெருநிறுவனங்கள் பெற்றுள்ளன. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது கடையை மூடுவது என்பதை அவையே முடிவு செய்கின்றன. சபைகள் தமது பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் காப்பதில் காட்டும் கவனத்தை, தம் மக்கள் இணையத்தில் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் காட்டினால், 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரண விசுவாசிகள் முதன்முறையாகத் தாமே எழுதிய சான்றுகள் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.